நாலு இஞ்ச்

கிழக்குத் தெருவை முடித்துத் தெற்குத் தெருவுக்கு வண்டியை ஒடிக்கும்போதுதான் அது கேட்டது. டக். ஒரே ஒரு டக். ஜக்கையன் அதைக் கேட்கவில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டான். முன்னால் ரெண்டு உறுமி, நாலு தப்பு, ஒரு நாயனம். பின்னால் பிக்கப் வண்டியின் தொட்டியில் சப்பரம் கட்டி மாரியம்மன், அவள் பக்கத்தில் பூசாரி குருநாதன், அதற்கும் பின்னால் ஊர்ச்சனம் மொத்தமும். இத்தனை இரைச்சலில் ஒரு மனுசனுக்குத் தன் வண்டிக்குக் கீழே டக் என்று ஒன்று கேட்குமா? கேட்காது. கேட்டிருந்தாலும் உறுமிக்காரர் குச்சி தவறிய சத்தமாக இருக்கும். இல்லாவிட்டால் யாராவது விடலைத் தேங்காய் போட்டிருப்பார்கள். தேங்காய்தான். ஆனால் தேங்காய் உடைந்தால் அது இவனுடைய கால் கட்டைவிரலில் எப்படித் தெரியும்? தெரிந்ததே. மிதியின் வழியாக ஏறி, பாதத்தில், முழங்காலில், அப்புறம் நேராக வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டதே. ஐயோ ஆத்தா, இன்னைக்கு மட்டும் வேண்டாம், நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கிழியட்டும், நானே பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று பின் கண்ணாடியைப் பார்த்து வேண்டினான். கண்ணாடியில் அம்மனின் பீடமும் சேலைக் கொசுவமும்தான் தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அம்மன் முகம் தெரியாது என்பது இன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கிழியட்டும் என்றானே, அது என்ன என்றால், சக்கரத்துக்குப் போகிற ஆக்சிலின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது. அதற்குக் கிரீஸ் வேண்டும். அந்தக் கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் பொத்திவைக்க ஒரு ரப்பர் உறை, கொழுத்த கைப்பிள்ளையின் தொடை மாதிரி மடிப்பு மடிப்பாக. பூட் என்பார்கள். கைக்குள் அடங்குகிற சாமான். ஒரு வண்டிக்காரன் ஆயுசு முழுக்க அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் ஓட்டி முடித்துவிடலாம், ஜக்கையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதினாலு மாதத்தில் நாலு பூட் கிழிந்துவிட்டது, நாலும் இடது பக்கம். முதல் தடவை எலி கடித்துவிட்டது என்றான். எலி பாவம். இரண்டாம் தடவை தோட்டத்துப் பாதையில் முள் குத்தியது. மூன்றாம் தடவை, ரப்பரே மட்டம், இப்பவெல்லாம் எவன் ஒழுங்காகச் செய்கிறான். நாலாம் தடவை, திருஷ்டி என்று ஒரே போடாகப் போட்டு, முன் பம்பரில் எலுமிச்சை மிளகாய் கட்டி, நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்து, அந்தப் பூசணித் துண்டில் தானே சறுக்கி விழுந்தான். நாலு தடவையும் மெக்கானிக் சிக்கந்தர் பாய் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னது ஒன்றே ஒன்று. "ஒசரம்ணே." வண்டியை நாலு இஞ்ச் தூக்கிவிட்டால் ஆக்சில் நேராகப் போகாமல் சாய்ந்து போகும், சாய்ந்து போனால் ரப்பர் மடிப்பு ஒன்றோடு ஒன்று உரசும், உரசினால் கிழியும், கிழிந்தால் கிரீஸ் போகும், கிரீஸ் போனால் மூட்டு காயும், காய்ந்தால் டக். "ரெண்டு இஞ்சாவது இறக்குங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அந்த நேரம் பார்த்து ஜக்கையனுக்கு எங்கிருந்துதான் போன் வருமோ, காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். ஐந்தாவது ரப்பர் போன மாதம்தான் மாட்டியது. புதுசு. புதுசு அவ்வளவு சீக்கிரம் கிழியாது. கிழியாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

எதற்குத் தூக்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏலத் தோட்டத்துப் பாதையைச் சொல்வான். மலைமேல் மூன்று ஏக்கர் ஏலக்காய் உண்டு, பாதையில் பாறையும் உண்டு, எல்லாம் நிசம். அதே பாதையில் தூக்காத வண்டிகள் முப்பது வருசமாகப் போய்வந்துகொண்டிருப்பதும் நிசம். ஜக்கையனின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கும்போது பன்னிரண்டு வருசமும் வரிசையில் முதல் ஆள், ஹெட்மாஸ்டரின் பெல்ட்டைப் பார்த்தே படித்து முடித்தவன். கல்யாணப் போட்டோவில் ஒரு பலகைமேல் நிற்கிறான், பலகை தெரியாமல் போட்டோக்காரர் முழங்காலோடு வெட்டிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்டவன் தூக்கிய வண்டியில் முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது, அடேயப்பா, என்ன ஒரு காட்சி! பஸ் டிரைவரின் கண்ணும் இவன் கண்ணும் ஒரே மட்டம். சைக்கிள்காரர்களின் கூடையில் என்ன காய் என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா புருசன் ராசாங்கம், ஆறடி ஆள், இருபது வருசமாக இவன் கழுத்தை நிமிர்த்தியே பேசவேண்டியிருந்த மச்சான், வண்டி ஓரமாக வந்து "என்ன மாப்ளே" என்றபோது அவருடைய உச்சி வழுக்கை தெரிந்தது. இத்தனை வருசமாக அங்கே ஒரு வழுக்கை இருந்திருக்கிறது, இவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒரு வழுக்கைக்காகவே இன்னும் பத்து ரப்பர் கிழியலாம் என்று தோன்றியது.

அந்தச் சந்தோசம் பத்து நாள் நின்றது. பதினோராம் நாள் அக்கா தவமணி வடக்குத் தெருவில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். ஊரே பந்தலில் உட்கார்ந்திருக்க, ஜக்கையன் பட்டு வேட்டி கட்டி, பிறந்த வீட்டுச் சீரோடு வண்டியில் போய் இறங்கினான். இறங்கினான் என்றா சொன்னேன்? குதித்தான். அவன் கீழே வந்துவிட்டான், வேட்டி கதவுக் கைப்பிடியில் நின்றுகொண்டது. நல்லவேளை, கோடு போட்ட டிராயர் போட்டிருந்தான். பந்தல் ஒரு நிமிசம் மூச்சை அடக்கிக்கொண்டது. அடக்கியதை முதலில் விட்டது அக்காதான். அக்காவின் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கை உறிஞ்சி, முடிந்தது என்று நினைக்கும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து வண்டிக் கதவுக்குக் கீழே போட்டு, "இந்தாடா ஜக்கு, எங்க வீட்டுச் சீரு, வாங்கிக்க" என்றாள். பந்தல் சரிந்து விழாத குறை. ஜக்கையன் சீரை இறக்கி வைத்தான், பாலைக் குடிக்கவில்லை, பந்தியில் உட்காரவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினான். திரும்பியவனால் ஏற முடிந்ததா? வேட்டியோடு கால் எட்டவில்லை. அந்த ஸ்டூல்மேலேயே ஏறி, ஏறிய வேகத்தில் ஸ்டூலையும் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அக்கா இல்லாத ஒரு தீபாவளி, அக்கா இல்லாத ஒரு பொங்கல். தாய் போனபிறகு இவனுக்குத் தலைவாரி, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அதை நினைத்தால் போனை எடுத்து அவள் நம்பரைத் தேடுவான், உடனே அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், போனைப் பையில் போட்டுக்கொள்வான். ஸ்டூல் மட்டும் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது இல்லாமல் ஏறி இறங்க முடியாது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னாலிருந்து யாரோ தொட்டியைத் தட்டினார்கள். நிறுத்தினான். தெற்குத் தெருவில் முதல் வீட்டுத் தட்டு. அந்த வீட்டம்மா தேங்காய் பழத் தட்டை மேலே நீட்ட, பூசாரி கீழே குனிய, இருவருக்கும் நடுவில் ஒரு முழம் காற்று. "ஸ்டூலைக் கொண்டாங்கப்பா" என்று குரல். கிழக்குத் தெருவின் முதல் வீட்டிலேயே இந்தச் சிக்கல் வந்து, வேறு வழி இல்லாமல் சீட்டுப் பக்கத்திலிருந்த நீல ஸ்டூலை அவனே எடுத்துக் கொடுக்கவேண்டி வந்துவிட்டது. பதினாலு மாதம் கட்டிக்காத்த ரகசியம், இப்போது கமிட்டிக்காரர் ஒருவர் அதைத் தலைக்குமேலே தூக்கிக்கொண்டு சாமிக்கு முன்னால் போகிறார். அக்காவின் ஸ்டூல். இந்தத் தெருவில் யாருக்காவது அடையாளம் தெரியுமா? தெரிந்திருக்கும். சிரிப்பார்களா? ஒருத்தி ஏறினாள், தட்டு கைமாறியது, கற்பூரம் காட்டினார்கள், இறங்கினாள். பதினொரு வருசமாக ராசாங்கத்தின் பழைய வண்டியில்தான் அம்மன் வந்தாள். அது இடுப்பு உயர வண்டி, நின்ற இடத்திலிருந்தே தட்டு போகும். இந்த வருசம் கமிட்டிக் கூட்டத்தில் ஜக்கையன்தான் எழுந்து, "ஆத்தா ஏன் தணிஞ்சு வரணும்? ஒசரத்துல வரட்டும், ஊரே பார்க்கட்டும்" என்று பேசிவிட்டான். அன்றைக்கு அது நல்ல பேச்சாகத்தான் இருந்தது. கைகூடத் தட்டினார்கள். ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது ஊர் பார்க்கிறது. ஆத்தாவின் தலைக்குமேலே கேபிள் ஒயர் உரசுகிறது, ரெண்டு பேர் கவைக்கோலால் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும். வண்டி மட்டும் நடுவழியில் நிற்கக் கூடாது. நின்றால் அம்மன் மறுபடி மச்சானுக்குப் போய்விடுவாள், ஆயுசுக்கும் திரும்பி வரமாட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அக்கா சிரிப்பாள்.

தென்மேற்கு மூலை. ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்தான். டக், டக். ரெண்டு. வலது பக்கம் திரும்பினால் இடது பக்க மூட்டுத்தான் அடி வாங்கும் என்று பாய் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் திரும்பினால் சத்தமே வராது. அப்படியென்றால் இடது பக்கமாகவே போனால்? முட்டாள், சாமி வலமாகத்தானே வரும். நாலு மூலை, நாலும் வலது. உலகத்தில் எத்தனையோ காரியம் இருக்கிறது, நேராகப் போகிற காரியம், இடது பக்கம் போகிற காரியம், அதையெல்லாம் விட்டுவிட்டு இடது பக்க ரப்பர் கிழிகிற வண்டிக்காரன் வலமாக மட்டுமே போகிற சாமியைச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறான் பார். முன் சக்கரத்தை ஒட்டியே நடந்து வந்துகொண்டிருந்த சிக்கந்தர் பாய் மேலே பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வந்துவிட்டார் மனுசன், ஜக்கையன் கெஞ்சிக் கூப்பிட்டதற்காக. பாய் கையை ஆட்டி என்னமோ கேட்டார். நாயனத்தில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் என்ன கேட்டார் என்று தெரியும். "ஃபோர் வீலை எடுத்துட்டீங்கள்ல?" என்று கேட்டிருப்பார். எடுக்கவில்லை. சாமி வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போகவேண்டும், சாதா கியரில் போனால் கிளட்ச் கருகி நாறும், கியருக்குப் பக்கத்திலிருக்கிற சின்னக் குச்சியைப் போட்டு நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி விட்டால் வண்டி எருமை மாதிரி தானே நகரும். சுகம். "சிமெண்ட் ரோட்டுல மட்டும் போட்டுறாதீங்கண்ணே, திருப்பத்துல முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிரும், ரப்பரும் போகும், குச்சியும் மாட்டிக்கும்" என்று நேற்று இதே பாய் சொன்னார். ஜக்கையன் பாயைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்துத் தலையை ஆட்டினான். எடுத்துவிட்டேன் என்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம், சாப்பிட்டேன் என்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம்.

மேலத்தெருவில் வாசனை வந்தது. முதலில் சாம்பிராணி என்றுதான் நினைத்தான். பூசாரிகூட "ஆத்தா, ஆத்தா" என்று உரக்கச் சொன்னதால் அவருக்கும் அப்படித்தான் பட்டிருக்கவேண்டும். ஆனால் சாம்பிராணியில் இந்தக் காரல் இருக்காது. சூடான இரும்பில் கிரீஸ் விழுந்து கருகுகிற வாசனை, அதை அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. வாசலுக்கு வாசல் பெண்கள் காலையிலிருந்து குனிந்து போட்ட மாக்கோலம், தெருவை அடைத்து, வெள்ளை வெளேர் என்று. அதில் வண்டி போன வழியெல்லாம் கறுப்புச் சொட்டு. தாமரையில் ஒன்று, தேரில் இரண்டு, மயிலின் கழுத்தில் ஒரு தீற்றல். எத்தனை வீடு? தெற்குத் தெருவிலும் இருக்குமோ? அங்கிருந்தேவா? நாளைக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதை அவன் பார்த்தான், அத்தனை பேர் முகமும் அக்கா முகமாக இருந்தது. உள்ளங்கை வேர்த்தது. ஸ்டியரிங் வழுக்கியது. இன்னும் ரெண்டு மூலை. ரெண்டே மூலை. ஆத்தா, நான் ஒசரத்துக்கு ஆசைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உன்னையும்தானே ஒசரத்தில் வைத்தேன்? அதை யோசித்துப் பார். இல்லை, அதை யோசிக்காதே, ஒயர் உரசினது உனக்கு ஞாபகம் வரும். வேறு என்னத்தையாவது யோசி.

வடமேற்கு மூலையில் டக் என்கிற கணக்கெல்லாம் போய்விட்டது. கடகடவென்று ஒரு பெட்டி ஆணியைக் கொட்டின மாதிரி. வண்டி திரும்பி நேரானது, ஆனால் நேரான பிறகும் இறுகிப்போய், மனசில்லாமல் நகர்ந்தது. இது வடக்குத் தெரு. கடைசி வீடு, பச்சை பெயிண்ட், அக்கா வீடு. அதைப் பார்க்கப்போவதில்லை என்று பத்து நாளாகத் தீர்மானம் பண்ணி வைத்திருந்தான். வாசலில் அவள் நின்றால் நேராகப் பார்ப்பது, நிற்காவிட்டாலும் நேராகப் பார்ப்பது. தட்டோடு வருவாளா? வராவிட்டால் நல்லதுதான், நிறுத்தாமல் போய்விடலாம். வராவிட்டால் எவ்வளவு திமிர், தம்பி ஓட்டுகிறான் என்பதற்காக ஆத்தாவுக்கே தட்டு இல்லையா? வந்தால்? வந்தால் அந்த ஸ்டூலில் ஏறவேண்டும். தன் ஸ்டூல் என்று கண்டுபிடித்துவிடுவாள். தொட்டியைத் தட்டினார்கள். நிறுத்தினான். நேராகப் பார்த்தான். நேராகப் பார்த்துக்கொண்டே இடது கண்ணின் ஓரத்தால் பக்கக் கண்ணாடியையும் பார்த்தான். நரைத்த வகிடு ஒன்று மேலே எழும்பி வந்தது. எப்போது இவ்வளவு நரைத்தாள்? ஒரு கை, அந்தக் கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், அதன்மேல் ஒரு முழம் கதம்பம். கற்பூரம் எரிந்து அணைந்தது. வகிடு கீழே இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது, போகலாம். மிதித்தான். வண்டிக்கு அடியில் ஏதோ முனகியது. வண்டி போகவில்லை. இன்னும் மிதித்தான். மடார் என்று ஒரு சத்தம், உறுமியே நின்றுவிட்டது. சிக்கந்தர் பாய் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

பாய் வெள்ளைச் சட்டையோடு அடியில் போனார், பாதி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். கதவருகில் நின்று மெதுவாகச் சொன்னார். "போச்சுண்ணே. மூட்டுல ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. ஃபோர் வீல்லயேவா வந்தீங்க? அல்லாவே. சரி, குச்சியை எடுங்க, பின் சக்கரத்துலயே போயிறலாம்."

இழுத்தான். வரவில்லை. ரெண்டு கையாலும் இழுத்தான். முறுக்கிக்கொண்டு நின்றது.

"ரெண்டடி ரிவர்ஸ் எடுங்க. முறுக்கு விட்டுரும், குச்சி தானா வந்துரும். ரெண்டே அடி."

"ரிவர்ஸா?" மேலிருந்து பூசாரி குருநாதன் அலறினார். "ஆத்தாளைப் பின்னால கொண்டு போறதா? புறப்பட்டவ பின்வாங்கினா ஊருக்கு ஆகுமாய்யா?"

ஆகாதுதான். அதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாமி வண்டியில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது என்பதையே அன்றைக்கு மறந்துவிட வேண்டும். கூட்டத்தில் ஒரு குரல், "ஆத்தா நிக்கிறாடோய்." இன்னொரு குரல், "அவளுக்கு வண்டியை மாத்தினது பிடிக்கலை, அதான்." ஜக்கையனின் கை கண்ணாடிப் பிடிக்குப் போனது. இல்லை, ஆத்தாவுக்குக் கோபமில்லை, ரப்பர் கிழிந்துவிட்டது என்று கண்ணாடியை இறக்கிக் கத்தலாம். கத்தினால் ஏன் கிழிந்தது என்பார்கள். நாலு இஞ்ச் என்று சொல்லவேண்டும். எதற்கு நாலு இஞ்ச் என்பார்கள். ஐந்தடி இரண்டங்குலம் என்று நடு வீதியில் சொல்லவேண்டும். அதைவிட ஆத்தாவுக்குக் கோபம் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமா? ஐயையோ, அவள் தலைமேலேயே பழியைப் போடுவதா, அதுவும் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது? இல்லை, இவன் முதுகுக்குப் பின்னால்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பிடரி கூசியது. அப்போதுதான் ராசாங்கத்தின் குரல் கேட்டது, கமிட்டித் தலைவரிடம்.

"என் வண்டி செட்டுலதான் நிக்குது. கழுவித் துடைச்சுத்தான் வச்சிருக்கேன். எடுத்தாரவா?"

முடிந்தது கதை. கழுவித் துடைத்து வைத்திருக்கிறாராம். ஜக்கையன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த வருசம், அதற்கடுத்த வருசம், சாகிறவரைக்கும் இந்தத் தெருவில் அம்மன் இடுப்பு உயரத்தில் வருவாள், இவன் கூட்டத்தில் யாருடைய பிடரியையாவது பார்த்துக்கொண்டு நடப்பான். இப்போது அந்தச் சிரிப்பு வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு. காத்திருந்தான்.

"ஒரு வண்டியும் வேணாம்." அக்கா குரல். "ஆத்தா கொஞ்ச நேரம் என் வீட்டுல இறங்கி இருக்கட்டும். வெறும் வண்டி பின்னால போனா ஒரு குத்தமும் இல்லையே? அப்பறம் என் தம்பி வண்டியிலயே ஏறிப் போகட்டும்."

என் தம்பி. பதினாலு மாதம் கழித்துக் கேட்கிறான். பூசாரி யோசித்தார், தலைவர் யோசித்தார், தெருவில் இறக்கினால்தான் தோசம், வீட்டுக்குள் இறக்கினால் விருந்து என்று யாரோ அடித்துச் சொன்னார்கள். அக்கா நடுக்கூடத்தில் பலகை போட்டுப் பச்சரிசி பரப்பினாள் என்று பேச்சுக் கேட்டது. நாலு பேர் தண்டு கொடுத்து அம்மனைத் தூக்கினார்கள், குலவைச் சத்தம் எழும்பியது, சனம் மொத்தமும் பச்சை வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு போனது. எந்த வீட்டிலும் இறங்காத அம்மன் மச்சான் வீட்டில் போய் இறங்கிவிட்டாள், அதுவும் இவன் வண்டியின் தயவில். தெருவில் ஜக்கையனும் பாயும் மட்டும். ரிவர்ஸ் போட்டான். ஒரு அடி, ஒன்றரை அடி. கடக் என்று குச்சி விடுபட்டு இழுத்த பக்கம் வந்தது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் ஊரே நின்றது. இனி இறங்கி உள்ளே போய்க் கும்பிட வேண்டும். கதவைத் திறந்தான். கீழே பார்த்தான். தரை எங்கேயோ இருந்தது. இன்றைக்கும் வேட்டி. ஸ்டூல் அவர்களிடம். மூடிவிட்டான்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழே தவமணி நின்றாள், கையில் நீல ஸ்டூல்.

"இறங்கு."

ஜக்கையன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"ஆத்தாளே கீழ இறங்கி என் வீட்டுல உக்காந்திருக்கா. நீ மேல உக்காந்திருக்க. நல்லாவாடா இருக்கு?"

"அக்கா." மறுபடியும் கதவைத் திறந்தான். "ஆத்தா ஒண்ணும் நிக்கலக்கா. ரப்பர் கிழிஞ்சிருச்சு."

"தெரியும். என் கோலத்துலயும்தான் கிரீஸு. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு போட்டது."

"பின்ன ஏன் நீ அவங்ககிட்ட அதைச் சொல்லாம..."

"வாயை மூடுடா. பதினாலு மாசமா வெள்ளிக்கு வெள்ளி விளக்குப் போட்டிருக்கேன், இவனை என் வாசல்ல கொண்டாந்து நிறுத்து தாயேன்னு. எது கிழிஞ்சு நிறுத்தினா எனக்கென்ன?" சொல்லிக்கொண்டே குனிந்து ஸ்டூலைப் போட்டாள். போட்டுவிட்டு ஒரு கையை மேலே நீட்டினாள். மற்றக் கையால் அவனுடைய வேட்டி நுனியைக் கதவுக் கைப்பிடியிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். உதடு துடித்தது. "சிரிக்க மாட்டேன். இறங்கு."

இறங்கினான். அவள் சிரித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்து. ஜக்கையன் கோபம் வருமென்று பார்த்தான், வரவில்லை. இவனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பிலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாய் நாகரிகமாக மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அரை மணி கழித்து அம்மன் திரும்ப ஏறினாள். தவமணியும் ஏறினாள், முன் சீட்டில், ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு. "இங்கேருந்து பார்த்தா அவரு வழுக்கை நல்லாத் தெரியுதுடா" என்றாள். ஜக்கையன் அவசரமாகக் கியரைப் போட்டான். வடகிழக்கு மூலை, கடைசி மூலை வந்தது. மெதுவாக ஒடித்தான். நாலு சக்கரம் இல்லாததால் மூட்டுக்கு வேலை இல்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு தடவை டக் என்றது. பதினாலு மாதமாக அந்தச் சத்தத்தை மறைக்க எத்தனை பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறான்.

"அதென்னடா டக்குன்னு?"

"பூட் கிழிஞ்சு மூட்டு காஞ்சிருச்சுக்கா. அஞ்சாவது. வண்டியைத் தூக்கினதால."

"இறக்கினா கிழியாதா?"

"கிழியாது."

"அப்ப இறக்கிர வேண்டியதுதானடா?"

"இறக்கிர வேண்டியதுதான்" என்றான். சன்னலுக்கு வெளியே சக்கரத்தோடு நடந்துகொண்டிருந்த சிக்கந்தர் பாய் அப்படியே நடு ரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த கமிட்டிக்காரர் அவர்மேல் மோதிக்கொண்டார்.

கோயில் வாசலில் கொட்டு நின்றது. தவமணி ஸ்டூலைக் கீழே போட்டு, சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து இவன் கதவுக்குக் கீழே ஆடாமல் வைத்தாள்.

"இறக்குற வரைக்கும் வச்சுக்க" என்றாள். "அப்பறம் நீயே கொண்டாந்து குடு. வீட்டுக்கு வர்றவங்களுக்கு உக்கார ஒரு ஸ்டூல் பத்தலை."